கூடு முன்னால் பறக்கிறது, போல்ட் நிற்கவில்லை: சைலன்சரா, வீட்டில் நிரப்பிய தோட்டாவா?

24 நவம்பர் 2024, மாலை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பது, அவருடைய சொற்களிலேயே (கூடு என்பது குண்டையும் மருந்தையும் தாங்கும் உறை; போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் ஏற்றிப் பூட்டும் பகுதி; எஸ்எல்ஆர் நம் படையின் பழைய துப்பாக்கி, கேஸ் ரெகுலேட்டர் அதில் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு):

"அண்ணா, நான் தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் டெக்சாஸில் வேலை செய்கிறான். அங்கே உரிமத்தோடு ஏஆர் 15 வகைத் துப்பாக்கி வைத்திருக்கிறான், .223 அளவு. புதிதாகச் சைலன்சர் மாட்டியதிலிருந்து சுட்ட கூடு பக்கவாட்டில் விழாமல் முன்னால் பறக்கிறதாம். அவனே நிரப்பிய தோட்டாவைப் போட்டால், கடைசித் தோட்டா முடிந்த பிறகும் போல்ட் பின்னால் நிற்பதில்லை. சில நேரம் மேகசினில் தோட்டா இருக்கும்போதே அதை எடுக்காமல் போல்ட் மூடிக்கொள்கிறது. எங்கள் எஸ்எல்ஆரில் கேஸ் ரெகுலேட்டரைத் திருகினால் தீர்ந்துவிடும். அவன் துப்பாக்கியில் ரெகுலேட்டரே இல்லை. தவறு சைலன்சரிலா, தோட்டாவிலா?"

24 நவம்பர், இரவு

நான் புதுச்சேரிக்காரன், முத்தியால்பேட்டை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, அதாவது படைவீரன். ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகள் பிரான்சின் தென்பகுதியில் ஒரு சுடுதல் சங்கத்தில் உறுப்பினராக இருந்தேன். அங்கே உரிமம் உள்ள விளையாட்டு வீரர் தோட்டாவைத் தானே நிரப்பலாம், ஒலி அடக்கியும், அதாவது சைலன்சரும், பயன்படுத்தலாம். 2018 முதல் வேட்டைக்கும் அடக்கியை அனுமதித்துவிட்டார்கள். இந்தியாவில் இதையெல்லாம் தொடக்கூடாது என்பது ஹவில்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த விஷயத்தில் கடுமையானது. நான் எழுதப் போவதெல்லாம் பிரான்சில் என் கையால் செய்து பார்த்தவை.

முதலில் வாயு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். குழலில் ஓர் இடத்தில் சிறு துளை இருக்கும். குண்டு அதைத் தாண்டியதும் துளை வழியாக வாயு கிளம்பிப் பின்னால் வந்து, போல்ட்டைச் சுமந்து நகரும் கேரியரைத் தள்ளும். குண்டு குழலின் வாயைவிட்டு வெளியேறியதும் அழுத்தம் சட்டென்று விழும், தள்ளலும் நிற்கும். துளையிலிருந்து வாய்வரை குண்டு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் துப்பாக்கிக்குக் கிடைக்கும் கூலி. 16 அங்குலக் குழலில் துளை 9 அங்குலத்தில் இருந்தால் மீதம் 7 அங்குலம், ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குண்டு அதைக் கடக்க நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் கிடைப்பதைக் கொண்டுதான் பூட்டுத் திறந்து, கூடு வெளியேறி, அடுத்த தோட்டா ஏற வேண்டும்.

25 நவம்பர், காலை

நேற்று சைலன்சரைப் பற்றி எழுதாமல் தூங்கிவிட்டேன்.

சைலன்சர் குழலின் உச்ச அழுத்தத்தைப் பெரிதாக உயர்த்துவதில்லை. பலர் அப்படி நினைக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது செய்வது வேறு. குண்டு வெளியேறிய பிறகு வாயு ஒரேயடியாகக் காற்றில் கலக்காமல் அடக்கியின் அறைகளுக்குள் தேங்கி மெதுவாக வடிகிறது. அதுவரை குழலிலும் அழுத்தம் இருக்கிறது, துளையும் வாயுவைப் பின்னால் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நேரம் நீளுகிறது, கேரியருக்குக் கிடைக்கும் உதை பெரிதாகிறது. பூட்டு முன்கூட்டியே திறக்கிறது. தோட்டா அமரும் அறையில் அழுத்தம் முழுவதும் இறங்குவதற்குள் கூட்டைப் பிடித்து இழுப்பதால் அதன் விளிம்பு காயப்படுகிறது. மீதி வாயு பின்பக்கமாகச் சுடுபவர் முகத்தில் அடிக்கிறது. நான் இடக்கைக்காரன். கூடு வெளியேறும் வாய் வலப்பக்கம் இருப்பதால் அந்தப் புகை நேரே என் கண்ணுக்குத்தான் வரும். முதல் நாள் கண்ணாடி போட்டிருந்தும் மாலைவரை கண் எரிந்தது.

25 நவம்பர், மதியம்

மருந்து, அதாவது தோட்டாவுக்குள் எரியும் வெடிமருந்து பற்றி. வீட்டில் நிரப்புபவர்கள் வேகத்தை மட்டும் அளக்கிறார்கள். தொழிற்சாலைத் தோட்டாவின் வேகமும் என் தோட்டாவின் வேகமும் ஒன்று, ஆகவே இரண்டும் சமம் என்று முடிவு கட்டுகிறார்கள். துப்பாக்கிக்கு அது சமமில்லை. விரைவாக எரியும் மருந்து அறையிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. குண்டு துளையை அடையும்போது அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கும். மெதுவாக எரியும் மருந்து உச்சத்தில் அதே அளவில் இருந்தாலும் துளைக்கு வரும்போது இன்னும் பலத்தோடு இருக்கும். துப்பாக்கியின் நடையைத் தீர்மானிப்பது அந்த இடத்து அழுத்தம்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் அமெரிக்க வீரர்கள். எம்16 முதலில் ஐஎம்ஆர் 4475 என்ற மருந்தோடு உருவானது. 1964இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு மாற்றினார்கள். குண்டின் வேகம் கிட்டத்தட்ட அதேதான். துளையில் அழுத்தம் கூடியது, சுடும் விகிதம் நிமிடத்துக்கு ஆயிரத்தை எட்டியது. கூடு அறையில் சிக்கிக்கொண்டது. குரோம் பூசாத அறையும், துடைக்கும் கருவிகள் கொடுக்கப்படாததும் சேர்ந்து வியட்நாம் காட்டில் பல பேரின் உயிரைக் குடித்தன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இச்சோர்ட் துணைக்குழு இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. மருந்தை மாற்றினால் துப்பாக்கியையே மாற்றியதாக எண்ண வேண்டும் என்று நான் சங்கத்துப் பையன்களிடம் சொல்வது இதனால்தான்.

எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கியிலும் இதே கதை. மெதுவான மருந்து போட்டால் அதன் நீண்ட இயக்கத் தண்டு வளைந்துவிடும். 4895, 4064 போன்ற நடுத்தர மருந்துகளிலேயே அதன் உரிமையாளர்கள் நிற்பது அதனால்.

26 நவம்பர்

ஹவில்தார் எழுதியிருக்கிறார்: "எஸ்எல்ஆரில் ரெகுலேட்டரை அடைத்தால் வேகம், திறந்தால் மெதுவு. உபரி வாயு வெளியே போகும். மகனுடையதில் அந்த வாயு எங்கே போகிறது?"

எங்கும் போவதில்லை, முழுவதும் கேரியருக்கே போகிறது. சாதாரண ஏஆரில் துளையின் அளவைத் தொழிற்சாலையே தீர்மானித்துவிடுகிறது. அதுவும் மலிவான தோட்டாவிலும் குளிரிலும் அழுக்கிலும் ஓட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே துளைத்துவிடுவார்கள். அதன்மேல் சைலன்சர் ஏறினால் தாராளம் மிகையாகிவிடுகிறது. பிரெஞ்சுப் படை 2016இல் தேர்ந்தெடுத்த எச்கே 416 துப்பாக்கிக் குடும்பத்தில், ஏ5 வகைக்குக் கையாலேயே திருப்பும் ரெகுலேட்டர் வைத்திருக்கிறார்கள், அடக்கியோடு சுடுவதற்காகவே. உங்கள் எஸ்எல்ஆரின் அறிவு அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

நான் தூக்கிய ஃபமாஸ் என்ற பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கி வேறு சாதி. அதற்கு வாயுத் துளையே கிடையாது. கூட்டின் அடிப்பாகமே போல்ட்டைத் தள்ளும், ஒரு நெம்புகோல் அதைத் தாமதப்படுத்தும். அறையில் வரி வரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள், கூடு ஒட்டாமலிருக்க. எஃகுக் கூட்டை மனத்தில் வைத்து வடிவமைத்த துப்பாக்கி அது.

27 நவம்பர், இரவு

மகனின் சிக்கலுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் போல்ட் பின்னால் நிற்கவில்லை என்றால் உதை போதவில்லை என்று பொருள். எனக்கே அது நடந்திருக்கிறது. விரைவான மருந்தில், குறைந்த அளவில், காகிதத்தில் துளையிட மட்டும் மென்மையாக ஒரு தோட்டா நிரப்பினேன். இருபதில் ஆறு முறை போல்ட் நிற்கவில்லை. கூடுகள் என் காலடியில் விழுந்தன. கேரியர் முழுத்தொலைவு பின்னால் போகவில்லை. மகனும் சைலன்சருக்காக மென்மையாக நிரப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் மருந்தைச் சற்றுக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

28 நவம்பர்

வானிலை மையம் புயல் என்கிறது. கடற்கரைச் சாலையில் படகுகளை மேலே இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குண்டு சிக்குவது பற்றி ஒரு எச்சரிக்கை, இதை எல்லோரும் படிக்க வேண்டும். மருந்தே விழாமலோ மிகக் குறைவாக விழுந்தோ போன தோட்டா குண்டைக் குழலுக்குள்ளேயே நிறுத்திவிடும். சாதாரணமாகச் சுடும்போது சத்தம் மொத்தையாகக் கேட்கும், கை தானாக நின்றுவிடும். சைலன்சர் மாட்டியிருந்தால் அந்த வித்தியாசம் காதுக்கு எளிதில் எட்டாது. போல்ட் இயங்காமல் போனால் கையால் இழுத்து அடுத்ததைச் சுடத் தோன்றும். அப்படிச் செய்தால் அடைபட்ட குழல் வெடிக்கும். வீட்டில் நிரப்பிய தோட்டாவும் அடக்கியும் சேரும் நாளில், போல்ட் இயங்கவில்லை என்றால் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, கம்பி விட்டுக் குழலைப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும்.

30 நவம்பர், காலை 6 மணி

ஹவில்தார், உடனே படியுங்கள். மகனிடம் மருந்தைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். 27ஆம் தேதி நான் எழுதியது தவறு.

இரவு முழுவதும் காற்று. தூக்கம் வராமல் பழைய சுடுதல் நோட்டை எடுத்துப் படித்தேன். அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "அடக்கியுடன். N140 மருந்து. கூடு 1 மணி. மேகசினில் இருக்கும் தோட்டாவை எடுக்கவில்லை. போல்ட் நிற்கவில்லை." (N140 மெதுவாக எரியும் மருந்து. 1 மணி என்பது குழலை 12 மணியாக வைத்துச் சொல்லும் திசை, வலது முன்பக்கம்.) அந்த நாளை முழுவதும் மறந்திருந்தேன். அன்று உதை குறைவாக இல்லை, மிக அதிகம். கேரியர் அவ்வளவு வேகமாகப் பின்னால் போய்த் திரும்பியதில், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ள நேரம் கிடைக்கவில்லை. போல்ட் அதைத் தாண்டி முன்னால் போய்விட்டது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட்டை நிறுத்தும் பிடியும் எழுவதற்குள் போல்ட் கடந்துவிட்டது. பார்வைக்கு உதை குறைந்தது போலவே இருக்கும். மருந்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

உங்கள் கேள்வியின் தொடக்கத்திலேயே பதில் இருந்தது. கூடு முன்னால் பறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வலுக்குறைந்த துப்பாக்கி கூட்டை முன்னால் எறியாது. நான் அந்த வரியைப் படித்துவிட்டு என் பழைய கதையைச் சொல்லப் போய்விட்டேன்.

இன்னும் எளிய சோதனை இருக்கிறது. அதே தோட்டாவைச் சைலன்சர் இல்லாமல் சுடட்டும். அப்போது போல்ட் ஒழுங்காக நின்றால், உதை குறைவு என்ற பேச்சே இல்லை. சைலன்சர் உதையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கழற்றினால் ஓடி, மாட்டினால் தவறினால் அது மிகை வேகம்தான்.

மின்சாரம் இருக்கும்போதே அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

2 டிசம்பர்

பக்கத்துத் தெருவில் ஒருவரின் ஜெனரேட்டரில் கைப்பேசியை ஏற்றி எழுதுகிறேன். ஃபெஞ்சல் எங்கள் தலைமேலேயே கரையேறி நகராமல் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நோட்டு மேசைமேல் இருந்ததால் ஓரம் மட்டும் நனைந்தது.

கடலூரிலிருந்து பதில் இல்லை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரைபுரண்டு ஓடுகிறது என்கிறார்கள். ஹவில்தார் குடும்பம் நலமாக இருக்கிறதா என்பதே முதல் கவலை. அடுத்த கவலை, 27ஆம் தேதிக் குறிப்பை அவர் மகனுக்கு அனுப்பியிருந்து, 30ஆம் தேதியினது போய்ச் சேராமல் இருந்தால் என்ன ஆகும் என்பது. பழைய குறிப்பை நீக்கவில்லை. தவறு எப்படி நடந்தது என்று மற்றவர்கள் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே திருத்தம் இருக்கிறது, சேர்த்தே படியுங்கள்.

5 டிசம்பர்

ஹவில்தார் எழுதிவிட்டார். வீட்டில் தண்ணீர் ஏறவில்லை, மூன்று நாள் மின்சாரம் இல்லை. மகனுக்கு 27ஆம் தேதிக் குறிப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே விடுமுறை வாரம் என்பதால் அவர் சுடவே போகவில்லை. அப்பாவின் அடுத்த செய்தி வந்ததும் நிரப்பும் மேசையை மூடிவிட்டாராம். ஐந்து நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

கூடுகளின் படம் அனுப்பியிருக்கிறார். விளிம்பில், கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கடித்த தடம் ஆழமாக இருக்கிறது, ஒரு கூட்டில் விளிம்பே வளைந்திருக்கிறது. அடித்தளத்தில் பளபளப்பான தேய்ப்பு. அழுத்தத்தில் பித்தளை, கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் குழிக்குள் பிதுங்கி, போல்ட் திரும்பும்போது சிராய்த்ததன் அடையாளம் அது. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிக்குமிழ்) தட்டையாக இருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல மாட்டேன். மென்மையான பிரைமர் சாதாரணத் தோட்டாவிலும் தட்டையாகும்.

7 டிசம்பர்

மகன் சைலன்சர் இல்லாமல் சுட்டுப் பார்த்திருக்கிறார். பத்துத் தோட்டா, பத்தும் ஒழுங்கு, கடைசியில் போல்ட் நின்றது, கூடு 3 மணித் திசையில். மாட்டியதும் பழைய தொல்லை. வேறு மேகசின் போட்டும் மாறவில்லை. முடிவு தெளிவு.

அவருடைய மருந்து எது என்று இப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மெதுவான வகை, கனமான குண்டு. துளையில் அழுத்தம் ஏற்கெனவே மேல்பக்கம், அதன்மேல் அடக்கி. குற்றவாளி யார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டும் ஒரே துளை வழியாக ஒரே கேரியரைத் தள்ளுகின்றன, தனித்தனியே தாங்கக்கூடியவை சேர்ந்தபோது எல்லை தாண்டின.

8 டிசம்பர்

கடிகாரத் திசை பற்றி நான் மேலே பெரிதாகப் பேசியதால் ஒரு திருத்தம். குழல் 12 மணியை நோக்கி இருப்பதாக வைத்தால், ஏஆரில் 3 முதல் 4.30 வரை நலம், 1 அல்லது 2 என்றால் வேகம் மிகை, 5க்கு மேல் பின்னால் விழுந்தால் வலுக்குறைவு என்பது சங்கத்தில் எல்லோரும் சொல்வது. பெரும்பாலும் உண்மை. ஆனால் எஜெக்டர் ஸ்பிரிங் தளர்ந்தால் திசை மாறும், புதிதாகப் போட்டாலும் மாறும். கூடு முட்டித் திரும்பும் புடைப்பு எல்லாத் துப்பாக்கியிலும் ஒரே வடிவத்தில் இல்லை. என்னிடம் இருந்த மாஸ் 49/56 என்ற பழைய பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கி, 7.5 மில்லிமீட்டர், எந்த மருந்து போட்டாலும் கூட்டை ஆவேசமாகத்தான் எறியும். பக்கத்துத் தடத்தில் சுடுபவர்கள் முறைப்பார்கள். அதைப் பார்த்து வாயு மிகை என்று நான் முடிவு கட்டியிருந்தால் தவறாகியிருக்கும். திசை ஒரு சாட்சி. விளிம்பு, அடித்தளம், மேகசின், கழற்றி மாட்டிப் பார்த்தல் எல்லாம் சேர்ந்த பிறகுதான் தீர்ப்பு.

மாஸ் என்றதும் இன்னொன்று. அதன் சுடுமுள் (பிரைமரைக் குத்தும் ஊசி) கனமானது, ஸ்பிரிங் இல்லாமல் ஆடும். போல்ட் மூடும்போதே அது பிரைமரைத் தொடும். ராணுவத் தோட்டாவில் பிரைமர் கடினம், பிரச்சினை இல்லை. கடையில் வாங்கிய மென்மையான பிரைமரில் வீட்டில் நிரப்பினால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். மாஸில் வீட்டுத் தோட்டா போடுபவர் கடின பிரைமர் இல்லாமல் தொடக்கூடாது.

11 டிசம்பர்

வழிகள். மகனுக்கு மூன்று சொன்னேன். வேகமான மருந்துக்கு மாறுவது, உதாரணமாக N140 இலிருந்து N133 பக்கம் போவது. ஆனால் கையேட்டைத் திறந்து அடிமட்ட அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், பழைய அளவைப் புதிய மருந்துக்குக் கொண்டுபோவது தற்கொலை. கனமான பஃபர் போடுவது, அதாவது கேரியருக்குப் பின்னால் இருக்கும் எடையைக் கூட்டுவது. கேரியர் தாமதமாகும், ஆனால் துளையில் நுழையும் வாயு குறையாது. மூன்றாவது, துளையின்மேல் அமர்ந்து வாயுவின் அளவைத் திருகி மாற்றும் வாயுக் கட்டை. எனக்குப் பிடித்தது அதுதான், மிகை எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அடைக்கிறது.

ஹவில்தாரின் பதில்: "அப்படியென்றால் எஸ்எல்ஆர் ரெகுலேட்டரையே விலை கொடுத்து மாட்டுகிறான் என்று சொல்லுங்கள்." ஆமாம், அதேதான்.

21 டிசம்பர்

கட்டை மாட்டியாகிவிட்டது. முறையை ஹவில்தாரே மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சைலன்சர் மாட்டிய நிலையில் கட்டையை ஏறக்குறைய அடைத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா வைத்துச் சுட வேண்டும். போல்ட் நிற்காவிட்டால் ஒரு சொடுக்கு திறந்து மறுபடி ஒன்று. ஏழாவது சொடுக்கில் நின்றது. அழுக்குக்கும் குளிருக்கும் என்று மேலும் இரண்டு. கூடு இப்போது 4 மணியில் சிறு குவியலாக விழுகிறது, விளிம்பில் காயம் இல்லை, முகத்தில் புகையும் குறைந்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றினால் அந்த நிலையில் ஓடவில்லை, இன்னும் மூன்று திறக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நிலைகளுக்கும் இரண்டு நிறப் புள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

டெக்சாஸில் ஜனவரியில் காலைக் குளிர் இருக்கும், மருந்து சற்று மந்தமாகும். அப்போது அதே ஒற்றைத் தோட்டாச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.